கேட்காதவர் வரிசை

எங்கள் ஊர் வெஸ்டர்ஸைலில் ரயிலடியையும் சந்தைத் திடலையும் சேர்க்கிற கூரைச்சந்து ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் பூக்கடையும் மூக்குக்கண்ணாடிக் கடையும். எதிர்ப்பக்கம் உருளைக்கிழங்கு பொரித்துக் கொடுக்கிற பொந்து மாதிரி ஒரு கடை, அதன் மேல் பஸ் நேரம் காட்டும் பலகை. மழைக்கு ஊரே அதற்குள் ஒதுங்கும். எங்கள் ஊரில் மழை பெய்யாத நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால் ஊர் பாதி நேரம் அங்கேதான் நிற்கும். அங்கே நிற்காதே என்று யாரையும் யாரும் விரட்டியதில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தவிர.

அவர்களையும் வாயால் விரட்டவில்லை. பூக்கடைக்கு மேலே, உத்தரத்துக்குப் பக்கத்தில், ரொட்டிப் பெட்டி அளவில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டார்கள். அது போடுகிற சத்தம் இளங்காதுக்கு மட்டும்தான் கேட்கும். இருபத்தைந்தைத் தாண்டிய காதுகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒரு சத்தம் இருப்பதே தெரியாது. பெரியவர்கள் நிம்மதியாகப் பூ வாங்கிக்கொண்டு போவார்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குக் காதுக்குள் ஊசி இறங்கும். பிள்ளைகள் அதற்குக் கீச்சான் என்று பேர் வைத்தார்கள்.

கீச்சானை மாட்டியபோது ஹிஸ்கேவுக்குப் பதினாறு வயது. நகர மன்றத்தில் ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் எழுந்து ஐந்து நிமிஷம் பேசலாம் என்று ஒரு வழக்கம் உண்டு. சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு, நனைந்த கோட்டோடு உள்ளே போய், காது வலிக்கிறது, கழற்றுங்கள் என்று சொன்னாள். ஓர் உறுப்பினர் கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் கேக்கலியேம்மா!" என்றார். மன்றமே சிரித்தது. எனக்குக் கேட்காத சத்தம் உனக்கு மட்டும் எப்படிக் கேட்கும் என்று கேட்பதைவிட மோசமான ஒரு பதிலை நான் இன்னும் கேள்விப்படவில்லை. ஆனால் பெரியவர்கள் பிள்ளைகளிடம் அதைத்தான் தினமும் சொல்கிறோம். கீச்சான் விஷயத்தில் அது பச்சையாகத் தெரிந்துபோயிற்று, அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்பிலிருந்து பிறந்ததுதான் 'எங்களுக்குக் கேட்குது' இயக்கம். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நூலகத்து மாடியறையில் கூடுவார்கள். பள்ளியில் பிள்ளைகள் பை வைத்துப் பூட்டுகிற பெட்டகங்களை அவர்களைக் கேட்காமல் திறக்கக் கூடாது என்று சண்டை போட்டு ஜெயித்தார்கள். பதினாறு வயதில் ஓட்டு வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். அதிலெல்லாம் ஹிஸ்கே இருந்தாள். சம்பளம் கிடையாது, பதவி கிடையாது. பஸ்ஸில் தூங்கி வழிந்து வீடு வந்து, மறுநாள் காலை ரயிலடி சைக்கிள் பட்டறையில் பஞ்சர் ஒட்டப் போய்விடுவாள்.

இயக்கத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு, அதுவும் ஹிஸ்கே போட்டது. கீச்சான் கேட்பவர்களுக்கு ஓட்டு. கேட்காதவர்கள் வரலாம், வண்டி ஓட்டலாம், காப்பி போடலாம், ஆனால் பின்னால் ஒரு வரிசையில் உட்கார வேண்டும். யாராவது கருத்துக் கேட்டால் ஒழியப் பேசக் கூடாது. வருஷாவருஷம் செப்டம்பர் முதல் வெள்ளியன்று எல்லோரும் சேர்ந்து சந்துக்குள் நடப்பார்கள். சத்தம் காதில் விழுந்த இடத்தில் கையைத் தூக்க வேண்டும். விழாதவர்கள் அன்றைக்கே தானாகப் பின்வரிசைக்குப் போய்விடுவார்கள். யாரும் யாரையும் சோதிப்பதில்லை. பிள்ளைகள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டும் என்பதுதானே இவர்கள் ஊருக்குச் சொல்வது. தங்களுக்குள் சோதனை வைத்துக்கொண்டால் நன்றாகவா இருக்கும்?

ஹிஸ்கேவுக்கு இப்போது இருபத்தேழு. இந்த வருஷம் வசந்தத்தில் ஒரு நாள் சந்துக்குள் நடந்தபோது சத்தமே இல்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெட்டி பழுதாகிவிட்டது, தொலைந்தது சனியன் என்று நினைத்தாள். பக்கத்தில் வந்த யோரித்திடம் சொல்லத் திரும்பினாள். யோரித்துக்குப் பன்னிரண்டு வயது, இயக்கத்திலேயே சின்னவன். அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, வேகவேகமாக நடந்துகொண்டிருந்தான்.

அந்த நிமிஷம் யாரோ அவளை ஓர் அறைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினது போல் இருந்தது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. செப்டம்பர் வந்தது, எல்லோரோடும் நடந்தாள். பக்கத்துப் பிள்ளைகளின் தோள் எங்கே தூக்கிக்கொண்டதோ அங்கே அவளும் கையைத் தூக்கினாள். அவள் முன்வரிசையிலேயே இருந்தாள்.

ஏன் மறைத்தாள் என்று கேட்டால் காரணம் சொல்லலாம். கீச்சான் ஒப்பந்தம் அந்த இலையுதிர் காலத்தோடு முடிகிறது. புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று மன்றத்துக் குழு முடிவெடுக்கப் போகிறது. இந்த நேரத்தில் இயக்கத்தின் பேச்சாளியான அவளை மாற்ற முடியுமா? இது அவளே தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். உண்மை அதைவிடச் சின்னது. அந்த வெள்ளிக்கிழமைகளைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் இல்லை. பதினாறிலிருந்து அவள் கற்றுக்கொண்ட ஒரே வேலை பதினாறாக இருப்பது.

குழு அந்தச் சந்துக்கே நேரில் பார்க்க வருவதாக முடிவாயிற்று. குழுத் தலைவி பௌமா அம்மாள். கெடுபிடியானவர், ஆனால் சொன்ன நேரத்துக்கு வருகிறவர், எங்கள் ஊரில் அதற்கே பாதி மரியாதை. இந்த முறையும் தோற்றால் இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கீச்சான் கத்தும். மற்றப் பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பார்கள். யோரித்தால் அது முடியாது. சந்துக்குள் போனால் அவனுக்குத் தலைவலி வந்து வாந்தி எடுத்துவிடுவான். அதனால் அவன் தினமும் துறைமுகச் சாலையில், பெரிய லாரிகளுக்கு நடுவே சைக்கிள் மிதித்துச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான். போன மாதம் ஒரு லாரிக்காரன் அவன் கைப்பிடியை உரசிக்கொண்டு போனான். அவன் அம்மாவுக்கு அது தெரியாது. ஹிஸ்கேவுக்குத் தெரியும், வளைந்த கைப்பிடியை நிமிர்த்திக் கொடுத்ததே அவள்தான்.

குழு வந்த வியாழக்கிழமை சாயங்காலம் மழை விடாமல் பெய்தது. சந்துக்கு வெளியே பஸ் நிழற்குடையில் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் இக்ராம். அவளுக்குப் பதினைந்து வயது, இயக்கத்தின் கூட்டங்களை நடத்துபவள், நாக்கு கத்தரி மாதிரி. பின்வரிசைக்காரர் வீபே, நீச்சல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர், எல்லோருடைய பைகளையும் தன் வண்டியில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

பௌமா அம்மாள் குடையை மடக்கினார். "எல்லாரும் உள்ள வர வேண்டாம். மொத்தமா வந்து ஐயோ ஆத்தான்னு காதைப் பொத்தினீங்கன்னா, நாடகம்னு சொல்லிடுவாரு" என்று, சந்தின் மேலாளர் சீட்ஸ்மாவைப் பார்த்தார்.

சீட்ஸ்மா நல்ல உடை, நல்ல சிரிப்பு. "நான் சொல்லத்தான் போறேன்" என்றார்.

"ஒரே ஒரு சாட்சி போதும். பேச்சாளி யாரு?"

ஹிஸ்கே இக்ராமை முன்னால் இழுத்தாள். "இக்ராம் வரட்டுமே. தினமும் இங்கதான் பஸ் ஏறுறா, அவளுக்கு..."

"வயசு?"

"பதினஞ்சு" என்றாள் இக்ராம்.

"அப்போ அப்பா அம்மா கையெழுத்து இல்லாம சாட்சி எடுக்க முடியாதும்மா. விதி அப்படி."

"பாருங்கடா!" என்று இக்ராம் மற்றவர்களிடம் திரும்பினாள். "காது என்னோடது, கையெழுத்து எங்க அப்பாவோடது! சரி விடு. ஹிஸ்கே, நீ போ. எத்தனை வருஷமா இதைப் பேசற. தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லிடுவியே."

"நீ போய்க் கிழிச்சுட்டு வா, ஹிஸ்கே" என்றான் யோரித். அவன் காதில் பஞ்சு வைத்திருந்தான். குழு வரும் நாளில் தானும் கூட நிற்க வேண்டும் என்று அத்தனை தூரம் வந்திருந்தான் பிள்ளை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் கோட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

சந்துக்குள் மழை கூரையில் கொட்டுகிற சத்தம்தான் நிறைந்திருந்தது. பௌமா அம்மாள், குழுவைச் சேர்ந்த இன்னும் இரண்டு பேர், சீட்ஸ்மா, அவள். அவளைத் தவிர யாருக்கும் முப்பதுக்குக் குறைவில்லை. படித்துக்கொள்ள ஒரு முகம்கூட இல்லை. இத்தனை நாள் அவள் பிழைத்ததே அடுத்தவர் தோளைப் பார்த்துத்தான். இப்போது கண்ணைக் கட்டிவிட்டது போல் இருந்தது. அண்ணாந்து பெட்டியைப் பார்த்தாள். பெட்டி பெட்டியாக இருந்தது.

"இப்ப என்ன கேக்குது?" என்றார் பௌமா அம்மாள்.

"கொஞ்சம்... மழைச் சத்தத்துல..."

"அவசரமில்ல. நல்லாக் கேளுங்க."

பூக்கடை வாசலில் ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையோடு நின்று செவ்வந்திக் கொத்து தேர்ந்துகொண்டிருந்தாள். திடீரென்று குழந்தை வீறிட்டது. உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு, முகம் சிவக்கக் கத்தியது. ஹிஸ்கேவுக்கு உயிர் வந்தது. கைக்குழந்தைக்கும் கேட்கும், அதற்குச் சொல்லத் தெரியாது, அழத்தான் தெரியும் என்று அவளே எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறாள்!

"அதோ!" என்று கையை நீட்டினாள். "இப்ப கத்துது. நல்லா, காது கிழியற மாதிரி. அந்தக் குழந்தையப் பாருங்க, அதுக்கும் கேக்குது!"

அந்தப் பெண் குனிந்து, தரையில் விழுந்து கிடந்த பிஸ்கோத்தை எடுத்துத் துடைத்துக் குழந்தையின் கையில் கொடுத்தாள். அழுகை பட்டென்று நின்றது.

சீட்ஸ்மா சிரிக்கவில்லை. அதற்கு அவசியமே இருக்கவில்லை. பூக்கடைக்குப் பக்கத்துச் சின்னக் கதவைச் சாவி போட்டுத் திறந்து, உள்ளே சுவரிலிருந்த மின்விசைப் பலகையைக் காட்டினார். "மதியமே அணைச்சிட்டேன், மேடம். இந்தாங்க, விளக்கு எரியுதா பாருங்க. நீங்களே தொட்டுப் பாருங்க. இத்தனை வருஷமா இவங்களுக்கு எப்படிக் கேக்குதுன்னு இப்பத் தெரியுதா? விசை போட்டாலும் வலிக்கும், போடலைன்னாலும் வலிக்கும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் பௌமா அம்மாள்.

"சொல்லியிருந்தா உங்களுக்கு இது தெரிஞ்சிருக்குமா?"

குழுக்காரர்களில் ஒருவர் பெருமூச்சு விட்டார். மற்றவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பௌமா அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். மூடி டப்பென்று மூடிக்கொண்ட சத்தம் ஹிஸ்கேவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"சரி. எனக்கு வேண்டியது கிடைச்சிடுச்சு" என்றார் அவர். "மழை வலுக்கறதுக்குள்ள கிளம்பலாம்."

ஹிஸ்கேவுக்கு ஓடிப்போய் எங்காவது விழுந்து செத்துவிடலாம் போல் இருந்தது. சமாளிக்க வார்த்தைகளும் வந்தன, அதுதான் கொடுமை. மழைச் சத்தம், பழக்க தோஷம், காதில் நின்றுபோன பழைய இரைச்சல் என்று என்னென்னவோ நாக்கு நுனிக்கு வந்து நின்றது. பத்து வருஷம் மேடை ஏறியவளுக்கு வார்த்தையா பஞ்சம்? அவளுடைய பேர்கூடப் பாதி தப்பிக்கும். ஆனால் பெட்டி மாட்டினபடியே இருக்கும். யோரித் லாரிகளுக்கு நடுவே மிதித்துக்கொண்டிருப்பான்.

"நில்லுங்க" என்றாள். "எனக்குக் கேக்காது."

எல்லோரும் திரும்பினார்கள்.

"அரை வருஷத்துக்கு மேல ஆச்சு. கத்தினாலும் கேக்காது, அணைச்சாலும் தெரியாது. குழந்தையைப் பார்த்துச் சொன்னேன். பொய் சொன்னது நான். வெளிய நிக்கற பிள்ளைங்க இல்ல. அவங்களுக்கு நிஜமாவே கேக்குது. கூப்பிட்டுக் கேளுங்க."

"அதான் சொன்னேனே, கையெழுத்து..."

"தினமும் இதுக்கடியில நடந்து காதுல குத்து வாங்கறாங்களே, அதுக்கு யாராவது கையெழுத்து கேட்டீங்களா? வலிக்கறதுக்கு வேண்டாம், வலிக்குதுன்னு சொல்றதுக்கு மட்டும் அப்பா கையெழுத்தா?"

சீட்ஸ்மா, "மேடம், இந்தப் பொண்ணு இப்பத்தானே பொய் சொன்னேன்னு ஒத்துக்கிச்சு, இதுக்கு மேல என்ன..." என்று தொடங்கினார்.

பௌமா அம்மாள் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஹிஸ்கேவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் இரக்கமெல்லாம் இல்லை. சந்தையில் மீனைப் புரட்டிப் பார்க்கிறவர்களின் பார்வை அது. பிறகு, "சாட்சி எடுக்கத்தான் கையெழுத்து. இது பொது வழி. பிள்ளைங்க நடந்து வந்தா தடுக்க எனக்கு அதிகாரமில்ல" என்றார். "சாவியக் குடுங்க, சீட்ஸ்மா. நானே உள்ள போறேன். போடறேனா அணைக்கறேனான்னு என்னைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. அவங்க சுவரைப் பார்த்து நிக்கட்டும். கேட்டா கையத் தூக்கட்டும்."

அவர்களைக் கூப்பிட ஹிஸ்கேதான் வெளியே போனாள். நிழற்குடையில் எல்லா முகமும் அவளைப் பார்த்து மலர்ந்தது. மழையில் நின்றபடியே ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். பெட்டி அணைந்திருந்தது, நான் கத்துதுன்னேன், எனக்குக் கேட்காது, செப்டம்பர்லயே கேட்கலை.

வீபே தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்.

"செப்டம்பர்ல என் பக்கத்துலதானே நடந்தே" என்றான் யோரித். "நான் கைய தூக்கறதைப் பார்த்தா தூக்கினே?"

"ஆமா."

இக்ராம் முன்னால் வந்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது. இயக்கத்தில் எல்லோரும் எல்லோரையும் நீ என்றுதான் கூப்பிடுவார்கள். வீபேகூட அவர்களுக்கு நீதான்.

"நாங்க வர்றோம்" என்றாள். "நீங்க கூப்பிட்டீங்கன்னு இல்ல. யோரித்துக்காக. நீங்க தள்ளி நில்லுங்க."

அந்த 'நீங்க' ஹிஸ்கேவை அறைந்தது போல் இருந்தது. விலகி வழிவிட்டாள்.

பிள்ளைகள் பூக்கடைக்கு எதிர்ச்சுவரைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். யோரித் காதிலிருந்து பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். குழுக்காரர் ஒருவர் அவர்கள் பக்கத்தில் நின்றார். இன்னொருவர் சின்னக் கதவுக்கு முன்னால் காவல் நின்றார், சீட்ஸ்மா எட்டிப் பார்க்காதபடி. பௌமா அம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. உருளைக்கிழங்குக் கடைக்காரர் எண்ணெயில் கரண்டியைப் போட்டதுகூடக் கேட்டது. ஒரு கையும் எழவில்லை. போட்டுவிட்டாரா? இன்னும் போடவில்லையா? ஹிஸ்கேவால் எப்படிச் சொல்ல முடியும்? இக்ராமின் முதுகு விறைப்பாக நின்றது. ஒருவேளை வேண்டுமென்றே தூக்காமல் நிற்கிறாளா? அவ்வளவு கோபமா? நான் கெடுத்ததை இவளும் சேர்ந்து கெடுப்பாளா? இருக்காது, யோரித்துக்காக என்றுதானே சொன்னாள். சீட்ஸ்மாவின் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு பரவியது. இதுதான் பேச நேரம் என்று அவர் வாயைத் திறந்தார்.

எல்லாக் கைகளும் ஒரே சமயத்தில் எழுந்தன.

யோரித் இரண்டு கையையும் காதில் வைத்துக்கொண்டு குனிந்தான். இக்ராம் தூக்காத கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம். பிறகு கைகள் இறங்கின, அதுவும் ஒன்றாகவே. உள்ளே வேறு ஏதோ விசை 'டக்' என்று விழுந்தது, யாரும் அசையவில்லை. மறுபடி 'டக்', அப்போதும் அசையவில்லை. பிறகு சத்தமே இல்லாத ஒரு நேரத்தில் மறுபடி எல்லாக் கையும் மேலே போயிற்று. இப்படியே அம்மாள் போக்குக் காட்டினார், ஏமாற்றிப் பார்த்தார், நீண்ட நேரம் சும்மா இருந்தார். பிள்ளைகள் ஒரு தடவைகூடத் தவறவில்லை. சுவர்ப்பக்கம் நின்ற குழுக்காரர், தனக்கு ஒன்றும் கேட்காத அந்த வெற்று வெளியை அண்ணாந்து பார்த்தபடி, தன்னை அறியாமல் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

கடைசியில் யோரித் ஓரமாக ஓடிப்போய்க் குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். பௌமா அம்மாள் வெளியே வந்து அதைப் பார்த்தார். விசை இப்போது அணைந்திருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார், யாரும் கேட்காமலே.

"போதும்" என்றார். சாவியைச் சீட்ஸ்மாவிடம் கொடுக்காமல் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் குழு ஒருமனதாக ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. அதற்கடுத்த நாள் ஓர் ஆள் ஏணி போட்டு ஏறிக் கீச்சானைக் கழற்றினான். பிள்ளைகள் கீழே நின்று கத்திக் கூச்சல் போட்டு, பொரித்த உருளைக்கிழங்கு வாங்கி, அதோடு தருகிற மயோனைஸை ஒருவர் தலையில் ஒருவர் தடவினார்கள். ஹிஸ்கே பட்டறை வாசலிலிருந்து பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை. பதினாறு வயதில் எந்த நாளுக்காகக் காத்திருந்தாளோ அந்த நாள் அப்படித்தான் வந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை மாடியறைக்குப் போவதா வேண்டாமா என்று அவள் பகல் முழுக்க யோசித்தாள். வேண்டாம் என்றுதான் தோன்றியது. கால் தானாகப் படியேறியது. முன்வரிசையில் வழக்கமான நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்காருவதற்கு இனித் தனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும், வேறு எங்கே போவதென்று தெரியாமல் அதிலேயே உட்கார்ந்தாள்.

இக்ராம் மேசையைத் தட்டினாள். "முதல் விஷயம் ஹிஸ்கே. செப்டம்பர்லயே பின்னாடி போயிருக்கணும், போகலை. மறைச்சுட்டா. அதனால கிட்டத்தட்டத் தோத்திருப்போம். பின்வரிசைக்கு அனுப்பறதான்னு ஓட்டுப் போடறோம். யாராவது பேசணுமா?"

"அவதான் உண்மையையும் சொன்னா" என்றான் யோரித். "சொல்லலைன்னா அந்தம்மா போயிருப்பாங்க."

"அதை யாரும் இல்லைன்னு சொல்லலைடா. அதுக்கும் இதுக்கும் என்ன?" இக்ராமின் குரல் உடைந்தது, செருமிச் சரிசெய்துகொண்டாள். "எனக்கு மட்டும் ஆசையா என்ன? எட்டு வயசுலேர்ந்து இவ பேசறதைக் கேட்டுத்தான் நான் இங்க வந்தேன். ஆனா நமக்காகப் பேசறவங்களுக்கு நமக்குக் கேக்கறது கேக்கணும். அவ்வளவுதான். வேற சட்டமே நமக்கு இல்ல. அனுப்பலாம்னு சொல்றவங்க கையத் தூக்குங்க."

கைகள் மெதுவாக எழுந்தன. ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி. இக்ராம் தன் கையைக் கடைசியில் தூக்கினாள். யோரித் மட்டும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்; கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. ஹிஸ்கேவுக்கு அவன் படுகிற பாட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவனுக்குச் சங்கடம் குறையட்டும் என்றோ, இந்தப் பிள்ளைகள் செய்வது சரிதான் என்று சொல்ல வேறு வழி தெரியாமலோ, தானும் கையைத் தூக்கினாள்.

இக்ராம் எண்ணிக்கொண்டே வந்தவள் அவள் கையில் வந்து நின்றாள்.

"கைய இறக்கு, ஹிஸ்கே" என்றாள், மெதுவாக. "உனக்கு ஓட்டு இல்ல."

ஹிஸ்கே கையை இறக்கினாள். எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளின் கால்களுக்கும் பைகளுக்கும் நடுவே வழி கேட்டுக் கேட்டுப் பின்னால் போனாள். வீபே தன் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார். அவள் உட்கார்ந்ததும் கோட்டுப் பையிலிருந்து கருப்பு நிற உப்பு மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இந்தா, வாயில போட்டுக்கோ" என்று கிசுகிசுத்தார். "முதல் மாசம் வாய் சும்மா இருக்காது. இது கரையற வரைக்கும் பேச வராது."

முன்னால் இக்ராம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள். திடலோரத்துப் பெரிய கடையில் பள்ளிப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகத்தான் உள்ளே விடுகிறார்கள். அதை எப்படி நிறுத்துவது? ஒருவன் எதையோ சொன்னான், இன்னொருத்தி அதை வெட்டிப் பேசினாள், மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். யாரிடம் முதலில் போக வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று ஹிஸ்கேவுக்கு அத்தனையும் தெரியும். அவர்கள் தப்பான ஆளிடம் போகத் திட்டம் போடுகிறார்கள் என்பதும் தெரிந்தது. யாராவது திரும்பி ஒரு வார்த்தை கேட்பார்களா என்று அவள் ஒவ்வொரு பின்னந்தலையாகப் பார்த்தாள். யாரும் திரும்பவில்லை. மிட்டாய் உப்புக் கரித்தது. அவள் அழுதுகொண்டே அதைச் சப்பினாள்.